நகரும் ஏற்பிக்கு எந்த அளவுகோல்?

மூச்சிரைப்பு வந்தால் இன்ஹேலரை வாயில் வைத்து ஒரு அழுத்து அழுத்துகிறோம். உள்ளே போகும் சால்பியூட்டமால் மருந்து மூச்சுக்குழாய்த் தசைச் செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் பீட்டா-2 என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது, அவ்வளவுதான். மற்றதை அந்தப் புரதம் பார்த்துக்கொள்கிறது. தன் வடிவத்தைச் சற்றே மாற்றி, சவ்வின் உட்புறம் இருக்கும் இன்னொரு புரதத்திடம் செய்தியைக் கைமாற்றிவிடுகிறது, தசை தளர்கிறது. இப்படி வெளியே வரும் செய்தியை வாங்கி உள்ளே சொல்லும் புரதங்களைத்தான் ஏற்பிகள் என்கிறோம்.

பாடநூல் படங்களில் ஏற்பி, சுவரில் அடித்த ஆணி மாதிரி ஓரிடத்தில் நிற்கும். உண்மையில் அது நிலைகொள்வதே இல்லை. சவ்வு என்பது எண்ணெய் போன்ற இரண்டடுக்குக் கொழுப்பு. அதில் மிதக்கும் ஏற்பி பக்கவாட்டில் அலைந்துகொண்டே இருக்கிறது. இது ஒரு வகை நடமாட்டம். செய்தி விடாமல் வந்து கொட்டினால் ஏற்பியைச் செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது, பிறகு சிலவற்றைத் திருப்பி மேலே அனுப்புகிறது. இது இன்னொரு வகை. அட்ரினலின் போன்ற பொருள் தொடர்ந்து வந்தால் பீட்டா-2 ஏற்பிகள் இப்படித்தான் மேற்பரப்பிலிருந்து மறைகின்றன.

இந்த இரண்டையும் ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்? கேள்வி எளிமையாகத் தோன்றும். ஆனால் ஒரே ஏற்பியை நான்கு முறைகளில் அளந்தால் நான்கு எண்கள் கிடைக்கும். நான்கும் பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது. எந்த எண் எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது என்பதுதான் இந்தத் துறையின் தலைவலி, சுவாரஸ்யமும் அதுவே.

முதல் தடை அளவு. ஓர் ஏற்பியின் குறுக்களவு சில நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய தூரம் ஏறக்குறைய 200 நானோமீட்டர். ஆக, ஏற்பியை நேராகப் பார்க்க வழியில்லை. அதன்மேல் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, விளக்கைப் பார்க்க வேண்டும். இந்தத் துறையின் வரலாற்றில் பெரும்பகுதி, விளக்கு ஏற்றுவதன் வரலாறு.

ஏற்பிகளும் மற்றப் புரதங்களும் நகர்கின்றன என்பதற்கே 1970 வரை கண்ணால் கண்ட சான்று கிடையாது. அந்த ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃப்ரை, எடிடின் என்ற இருவர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார்கள். எலியின் செல் ஒன்றையும் மனிதச் செல் ஒன்றையும் சென்டாய் வைரஸின் துணையால் ஒட்டி ஒரே செல்லாக்கினார்கள். எலிப் புரதங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு ஒரு நிறம், மனிதப் புரதங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு வேறு நிறம். ஒன்று பச்சையாக ஒளிரும், மற்றது சிவப்பாக. ஒட்டிய கையோடு பார்த்தால் செல்லின் ஒரு பாதி பச்சை, மறுபாதி சிவப்பு. உடல் வெப்பநிலையில் 40 நிமிடம் வைத்திருந்து பார்த்தால் பெரும்பாலான செல்களில் இரண்டு நிறமும் எங்கும் கலந்து கிடந்தன. செல்லின் ஆற்றல் உற்பத்தியையும் புதிய புரத உற்பத்தியையும் நிறுத்தும் வேதிப்பொருட்களைச் சேர்த்தும் பார்த்தார்கள். கலப்பது பெரிதாகத் தடைப்படவில்லை. குளிரவைத்து 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுபோனபோதுதான் தடைப்பட்டது. நெய் உறைவதுபோலச் சவ்வு இறுகினால் நடமாட்டம் குறைகிறது என்று பொருள். அப்படியானால் யாரும் தள்ளிவிடாமல் புரதங்கள் தாமே பரவுகின்றன. இரண்டே ஆண்டில், 1972இல், சிங்கரும் நிக்கல்சனும் சவ்வைப் புரதங்கள் மிதக்கும் நீர்மமாகச் சித்திரித்த புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார்கள்.

கலக்கிறது என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு வேகத்தில் என்பது அடுத்த கேள்வி. இங்கே வேகம் என்ற சொல்லே கொஞ்சம் வழுக்கும். பேருந்துபோல ஒரே திசையில் போகும் பொருளுக்குத்தான் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லலாம். ஏற்பி குடிகாரன்போல முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி, பக்கத்தில் ஒரு அடி என்று தள்ளாடுவது. அதனால் தூரத்தை அளக்காமல், நொடிக்கு எவ்வளவு பரப்பைத் துழாவுகிறது என்று அளக்கிறார்கள். அலகு சதுர மைக்ரான் பங்கு நொடி. பெயர் பரவல் கெழு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பரவல் கெழு 0.1 என்றால், ஒரு மைக்ரான் தள்ளிப்போக ஏறத்தாழ இரண்டரை நொடி ஆகும். பத்து மைக்ரான் போக? இருபத்தைந்து நொடி என்று வாய் சொல்லும். உண்மையில் 250 நொடி. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. தள்ளாட்டத்தின் விதி அப்படி. பக்கத்து வீட்டுக்குச் சீக்கிரம், பக்கத்து ஊருக்கு வெகுநேரம்.

இந்த எண்ணைப் பெறும் மிகப் பழகிய வழிக்கு ஆய்வகங்களில் ஃப்ராப் என்று பெயர். திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு நேரம். எல்லார் கையிலும் டார்ச் எரிகிறது. கோபுரத்தின் மேலிருந்து பார்க்கும் உங்களுக்கு ஆள் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். கூட்டத்தின் நடுவே ஒரு வட்டத்துக்குள் இருக்கும் டார்ச்சுகளை மட்டும் ஒரே நொடியில் நிரந்தரமாக அணைத்துவிடுகிறீர்கள். வட்டம் இருளும். கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தால் வெளியே இருப்பவர்கள் எரியும் டார்ச்சோடு உள்ளே வருவார்கள். வட்டம் மெல்ல வெளிச்சமாகும். எவ்வளவு சீக்கிரம் வெளிச்சமாகிறதோ, கூட்டம் அவ்வளவு வேகம்.

டார்ச்சுக்குப் பதில் ஒளிரும் சாயம், அணைப்பதற்கு வலுவான லேசர். சாயங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு: அளவுக்கு மீறி ஒளி பட்டால் கருகிவிடும். நுண்ணோக்கிக்காரர்கள் காலம்காலமாகத் திட்டித்தீர்த்த அந்தப் பலவீனத்தைக் கருவியாக்கிக்கொண்டது இந்த முறை. 1976இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆக்செல்ராட், வெப் உள்ளிட்ட குழு இதன் கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதியது. இன்று கன்ஃபோகல் நுண்ணோக்கி உள்ள எந்த ஆய்வகத்திலும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். லேசர் வட்டத்தின் ஆரம் ஒரு மைக்ரான், இழந்த வெளிச்சத்தில் பாதி திரும்ப இரண்டு நொடி ஆயிற்று என்று வைத்துக்கொண்டால், ஆரத்தின் வர்க்கத்தை 0.224ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். பரவல் கெழு 0.11 என்று வரும்.

இன்னொரு செய்தியும் இதில் இலவசமாகக் கிடைக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வட்டம் முழுப் பழைய வெளிச்சத்துக்குத் திரும்பாமல் எழுபது, எண்பது சதவீதத்தில் நின்றுவிடும். அணைந்த டார்ச்சோடு சிலர் நகராமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். இதை அசையாப் பங்கு என்பார்கள். இது எனக்கு எப்போதும் சற்றுச் சந்தேகமான எண்தான். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அசையவில்லை என்று எழுதியதில் ஒரு பகுதி, ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் அசைந்திருக்கலாம்.

சாயமே ஏற்றாமல் செய்த ஓர் அழகான சோதனையையும் சொல்லியாக வேண்டும். விழித்திரையின் குச்சிச் செல்லில் ரோடாப்சின் என்ற ஏற்பி இருக்கிறது. ஒளியை வாங்குவதே அதன் வேலை. அது இயற்கையிலேயே நிறமுடையது, ஒளி பட்டால் வெளுத்துவிடும். 1974இல் கோன் என்பவர் போ என்ற சக ஆய்வாளரோடு தவளைக் குச்சிச் செல்லின் ஒரு பக்கத்தை மட்டும் வெளுக்கவைத்து, நிறம் மறுபக்கத்திலிருந்து கசிந்து வருவதை அளந்தார். பரவல் கெழு ஏறத்தாழ அரை சதுர மைக்ரான் வந்தது. வேறு செல்களின் வெளிச்சவ்வில் மற்ற ஏற்பிகளை அளந்தபோது பலவற்றுக்கு 0.01 முதல் 0.1 வரைதான் வந்தது. ஆய்வகத்தில் வெறும் கொழுப்பால் செய்த செயற்கைச் சவ்வில் புரதங்கள் இவற்றைவிடப் பல மடங்கு விரைவாக ஓடின. அதே எண்ணெய்தான், அதே புரதம்தான். உயிருள்ள செல்லில் ஏன் இந்தச் சுணக்கம்?

கூட்டத்தின் மொத்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை இதற்கு விடை கிடைக்காது. ஒரே ஓர் ஆளைப் பின்தொடர வேண்டும்.

ஒற்றைத் துகளைப் பின்தொடரும் முறையின் சூட்சுமம் இதுதான். 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் நிற்கும் இரண்டு விளக்குகளைப் பிரித்துக் காட்ட நுண்ணோக்கியால் முடியாது. ஆனால் அருகில் வேறு விளக்கே இல்லாமல் ஒன்று மட்டும் எரிந்தால், அது திரையில் மங்கலான வட்டமாகத்தான் தெரியும் என்றாலும், அந்த வட்டத்தின் மையம் எங்கே என்று 20, 30 நானோமீட்டர் துல்லியத்தில் கணக்கிட்டுவிடலாம். பெரிய சாணிவட்டத்தின் நடுவைக் கோல மாவால் குறிப்பதுபோல. வட்டம் பெரிது, புள்ளி சிறிது. ஒவ்வொரு படச்சட்டத்திலும் மையத்தைக் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஏற்பி போன பாதை கிடைக்கும். பிறகு, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அது விலகிப்போன தூரங்களின் வர்க்கங்களுக்குச் சராசரி எடுத்து, நேரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் பரவல் கெழு.

1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் இதற்கு விளக்காக இருந்தவை 40 நானோமீட்டர் தங்கத் துகள்கள். ஆன்டிபாடி ஒட்டிய தங்கத் துகள் ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும். துகள் ஒளியைச் சிதறடிப்பது நுண்ணோக்கியில் தெரியும். ஜப்பானின் அகிஹிரோ குசுமி குழு 1993இல் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை இப்படித் தொடர்ந்தபோது ஒன்றைக் கவனித்தது. பல துகள்கள் மைக்ரானுக்கும் குறைவான ஒரு சிறு வட்டாரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று பக்கத்து வட்டாரத்துக்குப் போய் அங்கே சுற்றத் தொடங்கின.

பட்டிக்குள் அடைத்த ஆடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே துள்ளி ஓடுகிறது. எப்போதாவது வேலியைத் தாண்டி அடுத்த பட்டிக்குள் குதிக்கிறது. அந்த ஆட்டை நாளுக்கு ஒருமுறை மட்டும் படமெடுத்தால் என்ன நினைப்போம்? இந்த ஆடு மிக மெதுவாக ஊர்ந்து போகிறது என்று நினைப்போம். ஆட்டின் கால் ஓயாமல் ஓடியது நம் படத்தில் இருக்காது. வழக்கமான வீடியோ கேமரா நொடிக்கு முப்பது படம் எடுப்பது. ஏற்பியின் உலகத்தில் அது நாளுக்கு ஒரு படம் மாதிரிதான்.

எனவே குசுமி குழு கேமராவை விரைவுபடுத்தியது. 2002இல் வெளியிட்ட ஆய்வில் நொடிக்கு 40,000 படம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நொடியில் பத்து லட்சத்தில் 25 பங்கு. இம்முறை தங்கத் துகளை ஏற்பியில் ஒட்டாமல், சவ்வின் கொழுப்பு மூலக்கூறு ஒன்றிலேயே ஒட்டினார்கள். எலிச் சிறுநீரகச் செல் வகை ஒன்றில், பட்டியின் அகலம் சராசரியாக 230 நானோமீட்டர் வந்தது. ஒரு பட்டியில் தங்கும் நேரம் சராசரியாக 11 மில்லிநொடி. பட்டிக்குள்ளே ஓடும் வேகமோ பரவல் கெழு 5க்கு மேல், அதாவது செயற்கைச் சவ்வில் காண்பதைப் போன்றது. 11 மில்லிநொடிக்கு ஒருமுறை 230 நானோமீட்டர் தாவல் என்பதை நம் வாய்பாட்டில் போட்டால் 1.2தான் வரும். உள்ளே 5, தாவிப்போவதில் 1.2. ஒரே மூலக்கூறுக்கு இரண்டு விடை, இரண்டும் சரி. கேமரா எவ்வளவு மெதுவோ, மூலக்கூறும் அவ்வளவு மெதுவாகத் தெரிகிறது.

வேலி எது? சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்ற புரத இழைகள் வலைபோல ஓடுகின்றன. அந்த இழைகளில் கட்டுண்ட சவ்வுப் புரதங்கள் வேலிக்கால்களாக நிற்கின்றன என்பது குசுமியின் விளக்கம். வேறு ஒரு புதிருக்கும் இது விடை சொல்கிறது. சாஃப்மன், டெல்ப்ரூக் இருவரின் 1975 கணக்குப்படி, சவ்வில் மிதக்கும் பொருள் இரண்டு மடங்கு பருத்தாலும் வேகம் சொற்பமாகவே குறைய வேண்டும். செல்லிலோ இரண்டு மூன்று ஏற்பிகள் சேர்ந்து கொத்தானதும் சட்டென்று தடுமாறுகின்றன. வேலி இருந்தால் இது புரிந்துபோகும்: ஒற்றை ஆடு தாண்டிவிடும், காலைச் சேர்த்துக் கட்டிய மூன்று ஆடுகள் எப்படித் தாண்டும்?

எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. நியாயமான எதிர்ப்பு ஒன்று விளக்கைப் பற்றியது. 40 நானோமீட்டர் தங்கம், தான் தொற்றிக்கொண்டிருக்கும் மூலக்கூறைவிடப் பல மடங்கு பெரிது. அதன் மேலெல்லாம் ஆன்டிபாடிகள். சாதாரண ஆன்டிபாடிக்கு இரண்டு கை உண்டு, இரண்டு கையாலும் இரண்டு மூலக்கூறுகளைப் பிடித்துவிடும். பிறகு நாம் பார்ப்பது தனி ஆட்டையா, கட்டிய ஆடுகளையா? இதற்காகவே ஆன்டிபாடியின் ஒரு கையை மட்டும் வெட்டியெடுத்துப் பயன்படுத்துகிறார்கள். சிறிய விளக்குகளை வைத்து வேறு குழுக்கள் அளந்தபோது சில இடங்களில் வேலியே தென்படவில்லை. செல்வகைக்குச் செல்வகை வேறுபாடு உண்டு என்பதுவரை உடன்பாடு இருக்கிறது. மற்றதில் வழக்கு நடக்கிறது.

விளக்கைச் சிறிதாக்கும் முயற்சி பல கிளைகளாகப் பிரிந்தது. ஜெல்லிமீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவை ஏற்பியின் மரபணுவோடு தைத்துவிட்டால், செல்லே விளக்கோடு ஏற்பியைச் செய்து தந்துவிடும். 2008 நோபல் பரிசு பெற்ற இந்த வழிதான் இன்று மிகப் பரவலானது. ஆனால் தனியொரு விளக்காக எரியும்போது சில நொடிகளில் கருகிவிடும். நெடுநேரம் எரிய வேண்டுமென்றால் குவாண்டம் டாட் எனும் குறைக்கடத்திப் படிகத் துணுக்கு. 2003இல் பாரிஸில் தஹான், த்ரியே குழுவினர் நரம்புச் செல்லின் கிளைசின் ஏற்பிகளில் இதை ஒட்டி நிமிடக்கணக்கில் தொடர்ந்தார்கள். நரம்புகள் சந்திக்கும் சினாப்ஸில் நிலையாகக் குடியிருப்பதாகக் கருதப்பட்ட ஏற்பிகள், வெளியே போவதும் வருவதுமாக இருப்பது அதில் தெரிந்தது. இங்கும் ஒரு குறை: மேலுறையோடு சேர்த்தால் வழக்கமான குவாண்டம் டாட்டின் தடிமன் 20 நானோமீட்டரை நெருங்கிவிடும், சினாப்ஸின் இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு சந்துக்குள் நுழைவது போன்றது. அது கண்சிமிட்டும் வேறு. சிமிட்டும் நேரத்தில் ஆளை விட்டுவிட்டால், மறுபடி எரிவது அதே ஆள்தானா என்பது கணினியின் ஊகம்.

இதுவரை சொன்னதெல்லாம் பக்கவாட்டு நடமாட்டம். உள்ளே போய் வெளியே வருவதை அளக்க வேறு கணக்கு, வேறு கைவேலை. இங்கே ஆய்வாளரின் பெரிய துணை பனிக்கட்டிதான். நான்கு டிகிரியில் செல் எதையும் உள்ளே இழுப்பதில்லை. ஏற்பிகளுக்கு அடையாளம் போடுவதைப் பனிக்கட்டிமேல் வைத்துச் செய்து, பிறகு 37 டிகிரிக்குச் சூடாக்கி, ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஓடவிட்டு, மறுபடி பனிக்கட்டிக்குள் தள்ளினால் போதும். கடிகாரத்தை நிறுத்திவிட்டு நிதானமாக எண்ணலாம்.

அடையாளத்துக்குப் பயோட்டின் என்ற வைட்டமினை மேற்பரப்புப் புரதங்களில் ஒட்டுவது பழகிய வழி. ஒட்டும் கொக்கியை, குளூட்டாதயோன் போன்ற வேதிப்பொருள் பட்டால் அறுந்துவிடும்படி தேர்ந்தெடுக்கிறார்கள். சூடாக்கி ஓடவிட்ட பிறகு அதைச் சேர்த்தால், மேலேயே நின்றுவிட்ட ஏற்பிகளின் பயோட்டின் எல்லாம் அறுந்துபோகும். உள்ளே போனவை தப்பித்துவிடும். அந்த மிச்சத்தை எடுத்து அளந்தால் உள்ளே போன பங்கு கிடைக்கிறது. இன்னொரு வழி, அமிலம் பட்டால் அணைந்துவிடும் பி.எச். ஃப்ளூரின் என்ற ஒளிர்புரதம். ஏற்பியை இழுத்துச்செல்லும் பைகளின் உட்புறம் அமிலத்தன்மை உடையது. அதனால் மேலே இருக்கும்போது எரியும், உள்ளே போனால் அணையும், திரும்பி வரும்போது பளிச்சென்று எரியும். ஒரே ஏற்பிப்பொதி மேலே வந்து சேரும் தருணத்தைக்கூட நுண்ணோக்கியில் நேரே பார்த்துவிடலாம்.

இத்தகைய அளவீடு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 1970களில் டல்லஸில் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் செய்த வேலையைவிட நல்ல உதாரணம் இல்லை. எல்.டி.எல். எனும் கொலஸ்ட்ரால் துகளில் கதிரியக்க அயோடினை ஏற்றி, செல்லில் எவ்வளவு ஒட்டுகிறது, எவ்வளவு உள்ளே போகிறது என்று தனித்தனியாக எண்ணினார்கள். பரம்பரையாக மிகை கொலஸ்ட்ரால் உள்ள நோயாளிகள் பெரும்பாலோரின் செல்களில் துகள் ஒட்டவே இல்லை, அல்லது குறைவாக ஒட்டியது. ஒருவரின் செல்லில் மட்டும் நன்றாகவே ஒட்டியது, உள்ளேதான் போகவில்லை. மொத்தமாக எண்ணியிருந்தால் இவருக்கு ஏற்பி சரியாக இருக்கிறது என்றுதான் முடிவாகியிருக்கும். ஏற்பி இருந்தது, செல் உள்ளே இழுக்கும் குழிகளில் போய்ச் சேரத்தான் அதற்குத் தெரியவில்லை. ஏற்பியின் வாலில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்ததே காரணம் என்று பின்னர் கண்டார்கள். 1985 நோபல் பரிசு இந்த இருவருக்கு. அவர்கள் கணக்குப்படி ஓர் எல்.டி.எல். ஏற்பி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய் வெளியே வருகிறது. ஏறத்தாழ இருபது மணி நேர வாழ்நாளில் நூறு நடைக்கும் மேல். மேற்பரப்பில் இருக்கும் எண்ணிக்கை மாறாமல் இருப்பதை வைத்து ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது, பேருந்து நிலையத்தில் எப்போதும் இருநூறு பேர் இருக்கிறார்கள், ஆகவே யாரும் பேருந்து ஏறுவதில்லை என்று சொல்வதுபோலத்தான்.

மறுபடி பக்கவாட்டு நடமாட்டத்துக்கு வருவோம். ஒற்றைத் துகள் ஆய்வு ஒன்றைப் படிக்க நேர்ந்தால் நான் முதலில் தேடுவது அதன் கதாநாயகனை விட்டுவிட்டு ஒரு பிணத்தைத்தான். ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்து உறையச்செய்த செல்லில், அல்லது கண்ணாடியில் ஒட்டவைத்த சாயத்தில், அதே கேமராவால் அதே அளவீட்டைச் செய்து காட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். காரணம் எளிய கணக்கு. மையத்தைக் குறிப்பதில் ஒவ்வொரு அச்சிலும் 30 நானோமீட்டர் பிழை இருக்கிறது, 30 மில்லிநொடிக்கு ஒரு படம் எடுக்கிறோம் என்று கொள்வோம். துகள் அசையவே இல்லை என்றாலும், குறித்த புள்ளிகள் அங்குமிங்கும் தடுமாறும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை மட்டும் எடுத்து அந்தத் தடுமாற்றத்தை வாய்பாட்டில் போட்டால், பிழையின் வர்க்கத்தை நேரத்தால் வகுத்த விடை வரும்: 0.03 சதுர மைக்ரான் பங்கு நொடி. உயிருள்ள செல்லில் பல ஏற்பிகளுக்குக் கிடைக்கும் எண்ணும் அந்த அளவுதான்.